தோலில் ஊரும் பூச்சியும் மனநல மாத்திரையும்: வடக்கனந்தல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

தோல் மருத்துவரைத் தேடி வருகிறவர்களில் ஒரு சிறு பகுதியினர், "தோலுக்குள்ள பூச்சி ஊருதுங்க" என்ற ஒரே முறையீட்டோடு வருகிறார்கள். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூச்சி இல்லை, முட்டை இல்லை. சோதனை முடிவைக் காட்டினாலும் அவர்கள் நம்புவதில்லை. மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் இந்த உறுதி நீடிக்கும். மற்ற எல்லாவற்றிலும் தெளிவாக இருப்பார்கள். சமைப்பார்கள், வயலுக்குப் போவார்கள், வங்கிக் கணக்கைச் சரியாகப் பார்ப்பார்கள். இந்த ஒன்றில் மட்டும் யார் சொல்லும் எடுபடாது. மருத்துவ நூல்கள் இதைப் பூச்சித்தொற்றுப் பிறழ்நம்பிக்கை என்ற வகையில் வைக்கின்றன. இதற்குப் பலன் தரும் மருந்து களிம்பு அல்ல. மனச்சிதைவுக்குக் கொடுக்கப்படும் ஆன்டிசைக்கோட்டிக் வகை மாத்திரைகள்தாம், அதுவும் மிகக் குறைந்த அளவில்.

இக்கட்டுரை அந்த மருந்துகள் தோல் சிகிச்சைக்குள் வந்த வரலாற்றையும், பயனையும், ஆபத்தையும் ஆராய்கிறது. ஆய்வின் களமாகக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடக்கனந்தல் வட்டாரத்தை எடுத்துக்கொள்கிறது. கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் அருகில் உள்ள பேரூராட்சி இது. கீழே கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளைகின்றன. மேலே வெள்ளிமலையைச் சுற்றி மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. சிறுவங்கூரில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது. பெருநகர மருத்துவமனைகளில் தோல் மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒரே அறையில் அமர்ந்து இந்த நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு பேசப்படுகிறது. மலையடிவாரத்தில் ஒருவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மருத்துவர், ஒரே ஒரு முறை கிடைக்கும் சந்திப்பு. அந்த ஒரு சந்திப்பில் என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கே கேள்வி.

என் நிலைப்பாட்டை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இந்த மருந்து தோல் சிகிச்சை நடக்கும் இடத்திலேயே தரப்பட வேண்டும். தோலை முழுவதும் பார்த்து முடித்த பின்னரே தரப்பட வேண்டும். அது எதற்கான மருந்து என்பதை மறைக்காமல் சொல்லித் தரப்பட வேண்டும். இந்த மூன்றில் எது தவறினாலும், மருந்து நல்லதாக இருந்தும் சிகிச்சை தோற்கும்.

2. வரலாறு: பாரிஸிலிருந்து சென்னை வரை

பிரெஞ்சு தோல் மருத்துவர் ஜார்ஜ் திபியேர்ஜ் 1894இல் சிரங்குப் பூச்சி தொற்றிவிட்டதாக ஓயாமல் அஞ்சும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1938இல் சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம், முதுமையை நெருங்கும் பருவத்தில் தோன்றும் இந்தப் பிறழ்நம்பிக்கையை விரிவாக விவரித்தார். இன்றும் இந்நோயை எக்போம் நோய்க்குறி என்று அழைப்பவர்கள் உண்டு. 1946இல் வில்சன், மில்லர் என்ற இருவர் ஆங்கிலத்தில் இதற்கு நிலைத்த பெயரைத் தந்தார்கள். அதுவரை இது மருத்துவ வினோதமாகவே இருந்தது. விவரிக்க முடிந்தது, குணப்படுத்த முடியவில்லை.

குணப்படுத்தும் வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சின் ரோன்-பூலாங் நிறுவனத்தில் ஒவ்வாமைக்கும் அரிப்புக்கும் மருந்து தேடினார்கள். ப்ரோமெதசின் அந்தத் தேடலில் பிறந்தது. அதே வேதிக் குடும்பத்தைத் தொடர்ந்து மாற்றியமைத்த பால் சார்பாந்தியே, 1950 டிசம்பரில் க்ளோர்ப்ரோமசினைத் தயாரித்தார். 1952இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். மனநல மருத்துவத்தின் முதல் நவீன மாத்திரை அரிப்பு மாத்திரையின் வம்சத்தில் வந்தது என்பதை நோயாளிகளும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அவில் மாத்திரையும் அரிப்பை அடக்கும் அதே வேலையைச் செய்வதுதான். தோலுக்கான மருந்து, மூளைக்கான மருந்து என்று நாம் போடும் கோடு மருந்தாய்வுக் கூடத்தில் இருந்ததில்லை.

பெல்ஜியத்தின் ஜான்சன் ஆய்வகம் 1963இல் பிமோசைடு என்ற மருந்தை உருவாக்கியது. 1975இல் ரைடிங், மன்ரோ என்ற இரு மருத்துவர்கள், ஒரே ஒரு உடல்சார்ந்த பிறழ்நம்பிக்கையை மட்டும் கொண்ட நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதினார்கள். தோல் மருத்துவத்தின் போக்கு அங்கே திரும்பியது. 1982இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹாமனும் ஆவன்ஸ்டார்ப்பும் 11 நோயாளிகளிடம் பிமோசைடையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் எது எதுவென்று தெரியாத முறையில் சோதித்தார்கள். அது மிகச் சிறிய ஆய்வு. ஆனாலும் அடுத்த இருபது ஆண்டுகளுக்குப் பிமோசைடே தோல் மருத்துவர்களின் முதல் தேர்வாக நின்றது.

இந்தியாவில் இந்நோய் அரிதானதல்ல என்பதை இரண்டு வெளியீடுகள் காட்டுகின்றன. 1994இல் டி.என். ஸ்ரீனிவாசனும் சக மருத்துவர்களும் சென்னை அனுபவத்தை வைத்துச் சர்வதேசத் தோல் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்நோயின் தன்மையிலும் சிகிச்சையிலும் இந்தியாவின் அனுபவம் வேறு என்று அதன் தலைப்பே சொல்கிறது. 2000இல் டெல்லியிலிருந்து பாட்டியாவும் சகாக்களும் 52 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். மேலைநாட்டு நூல்களில் இந்நோயாளி தனியே வாழும் முதியவராகவே சித்திரிக்கப்படுகிறார். நம் ஊரில் அவர் மருமகள், பேரன், பக்கத்து வீட்டார் சூழ வருகிறார். இந்தச் சூழ்நிலை சிகிச்சையை எப்படி மாற்றுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

3. முதலில் தோல்: உண்மையான பூச்சிகளின் நிலம்

இந்த நிலத்தில் பூச்சி உண்மையானது. இதை மறந்துவிட்டுப் பிறழ்நம்பிக்கை என்று எழுதும் மருத்துவர் நோயாளிக்குப் பெரும் அநீதி செய்கிறார். அதனால் இப்பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சிரங்கு. சார்கோப்டிஸ் என்ற நுண்ணிய சிலந்திவகை உயிரி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. இரவில் அரிப்பு கூடும், விரல் இடுக்குகளிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் பிறப்புறுப்பிலும் புள்ளிகள் தோன்றும், வீட்டில் இன்னும் இரண்டு பேருக்காவது இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் பூச வேண்டும். வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் நோய் திரும்பும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பூச்சி செத்த பின்னும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை அரிப்பு நீடிக்கும். இறந்த பூச்சியின் எச்சத்துக்குத் தோல் காட்டும் எதிர்வினை அது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி மருந்தை மறுபடி மறுபடி பூசுகிறார். தோல் வெந்து எரிகிறது, அரிப்பு கூடுகிறது, "பூச்சி சாகவே இல்லை" என்ற எண்ணம் வேரூன்றுகிறது. காமா பென்சீன் ஹெக்சாக்ளோரைடு கலந்த பழைய மருந்தை அளவுக்கு மீறிப் பூசினால் அது நரம்பு மண்டலத்தையே பாதிக்கும். சிரங்கு தொடங்கிவைத்து, மருந்தின் தவறான பயன்பாடு வளர்த்து, முடிவில் பிறழ்நம்பிக்கையாக உறைந்துபோகும் வழி இது. தடுத்திருக்கக் கூடியது என்பதால்தான் அது என்னை உறுத்துகிறது.

அடுத்து வயல். கரும்பு வெட்டுகிறவர்களின் உடலில் தோகையின் சுணை ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த முட்கள் தோலில் தைத்து நாள்கணக்கில் நமைச்சல் தரும். கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் இவ்வட்டாரத்தில் வெட்டுக் காலம் என்பது சுணைக் காலமும்கூட. பார்த்தீனியச் செடியின் ஒவ்வாமை முகத்திலும் கழுத்திலும் கையிலும் தடித்து வரும். மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் சில வண்டுகள் தோலில் நசுங்கினால் தீக்காயம் போன்ற கொப்புளம் எழும். கம்பளிப்பூச்சியின் மயிரும், கோழிக்கூண்டின் செள்ளும், மாட்டு உண்ணியும் இந்தப் பட்டியலில் உண்டு.

மலைக்கு மேலே இன்னொன்று இருக்கிறது. புதர்க்காய்ச்சலைப் பரப்பும் நுண்ணிய சிலந்திவகை உயிரி காட்டோரப் புல்லிலும் புதரிலும் வாழ்கிறது. கடித்த இடத்தில் சிகரெட் சூடு போட்டாற்போல ஒரு கருத்த பொருக்கு தோன்றலாம். அக்குளிலோ தொடை இடுக்கிலோ அது ஒளிந்திருந்தால் ஆடையை விலக்கித் தேடாமல் தெரியாது. காய்ச்சலோடு வரும் ஒருவர் "பூச்சி கடிச்சிடுச்சு" என்று சொன்னால் அது உயிரைக் காக்கும் தகவல். டாக்ஸிசைக்ளின் போன்ற எளிய மருந்தால் குணமாகும் நோய் அது. கவனிக்காமல் விட்டால் உயிரையே பறிக்கும்.

தோல் சுத்தமாக இருந்தும் ஊர்வது போன்ற உணர்வு வரலாம். நீரிழிவால் நலிந்த நரம்பு, பி12 வைட்டமின் குறைபாடு, தொழுநோய், தைராய்டுக் கோளாறு, சிறுநீரகமும் கல்லீரலும் பழுதாகும்போது வரும் அரிப்பு என எல்லாவற்றையும் இரத்தப் பரிசோதனையாலும் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையாலும் பிரித்தறிய வேண்டும்.

மதுவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கியது. அது நச்சு, வேறு கதை. ஆனால் அந்தத் துயரம் வெளியே காட்டிய தினக்குடிப் பழக்கத்துக்கு இன்னொரு முகம் உண்டு. நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு முதல் நான்கு நாளுக்குள் கை நடுங்கி, வியர்த்து, தோலெங்கும் பூச்சி ஊர்வதாகக் கூவலாம். சுவரில் எறும்பும் பல்லியும் தெரியும். இது பூச்சிப் பிறழ்நம்பிக்கை அல்ல. குடி நிறுத்தத்தால் வரும் குழப்பநிலை, உடனடியாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அவசரம். இதற்கு முதல் மருந்து டயசிபாம் வகையும் தயமினும். ஆன்டிசைக்கோட்டிக் மருந்துகளில் பல வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்திவிடும் என்பதால் இங்கே அவற்றை மட்டும் கொடுப்பது ஆபத்து. பேய் பிடித்ததென்று இந்நேரத்தில் கோயிலுக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. கெட்ட எண்ணத்தால் அல்ல, சொல்லித்தர ஆள் இல்லாததால்.

4. பிறழ்நம்பிக்கையின் அடையாளங்கள்

இவை எல்லாவற்றையும் கழித்த பின் மிஞ்சுபவரே நம் நோயாளி. அவரை அறிய மருத்துவ உலகம் கண்டுகொண்ட அடையாளம் ஒன்று உண்டு. நோயாளி தீப்பெட்டியிலோ மடித்த காகிதத்திலோ தாம் பிடித்த "பூச்சி"யைக் கொண்டுவருவார். உள்ளே தோல் பொருக்கும் நூலிழையும் மண்துகளும் இருக்கும். 1983இல் லேன்செட் இதழ் இதைத் தீப்பெட்டி அடையாளம் என்று எழுதியது. இன்று தீப்பெட்டியின் இடத்தை ஜிப் உறையும், செல்போனில் பெரிதாக்கி எடுத்த படமும் பிடித்திருக்கின்றன. கொண்டுவந்ததைத் தூக்கி எறிபவர் அந்த நோயாளியை அன்றே இழக்கிறார். அவர் கண்முன்னே அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை அது. ஒருமுறை அதில் உண்மையிலேயே பேனோ செள்ளோ இருக்கவும் கூடும்.

தோலில் உள்ள காயங்கள் கை எட்டும் இடங்களில் மட்டும் இருக்கும். முதுகின் நடுவில், கை போகாத இடத்தில், தோல் வழவழப்பாக இருக்கும். ஊக்கு, பிளேடு, நகம் என எதைக் கொண்டாவது தோண்டியிருப்பார்கள். மண்ணெண்ணெய், பினாயில், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஆகியவற்றை உடலில் பூசுவதும் உண்டு. விவசாய ஊரில் இது சாதாரண ஆபத்தல்ல. வீட்டு அலமாரியிலேயே பூச்சிமருந்து இருக்கும் இடத்தில், "பூச்சியைக் கொல்ல வேண்டும்" என்று தவிப்பவரின் கைக்கு எட்டாமல் அதை வைக்கச் சொல்வது சிகிச்சையின் முதல் வரியாக எழுதப்பட வேண்டும். தோல் வழியே உறிஞ்சப்படும் நஞ்சு அதில் உண்டு. மனம் உடைந்த வேளையில் அது வேறு விதமாகவும் பயன்பட்டுவிடும்.

வீட்டில் இன்னொருவரும் இதே நம்பிக்கையை ஏற்றுக்கொள்வது இந்நோயின் தனிப் பண்பு. தாய்க்கு வந்தால் மகளும், மனைவிக்கு வந்தால் கணவனும் தம் உடலிலும் ஊர்வதாக உணரத் தொடங்கலாம். கூட்டுக் குடும்பத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. அதே வீட்டில் சிரங்கும் இருக்கலாம் என்பதால், இரண்டாம் ஆள் அரிக்கிறது என்றதும் முதலில் தோலைத்தான் பார்க்க வேண்டும்.

உலகின் வேறிடங்களில் இந்நோய் வேறு உருவம் எடுத்திருக்கிறது. அமெரிக்காவில் 2002இல் மேரி லைட்டோ என்ற பெண்மணி, தம் குழந்தையின் தோலிலிருந்து இழைகள் வெளிவருவதாகச் சொல்லி மார்கெலான்ஸ் என்ற பெயரைச் சூட்டினார். ஆயிரக்கணக்கானோர் அந்தப் பெயருக்குள் வந்து சேர்ந்தார்கள். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வடக்கு கலிபோர்னியாவில் 115 பேரைப் பரிசோதித்து 2012இல் வெளியிட்ட முடிவில் தொற்றுக்காரணம் எதுவும் இல்லை. இழைகள் பெரும்பாலும் பருத்தித் துணியிலிருந்து வந்தவை. துன்பம் மட்டும் உண்மையாக இருந்தது. நம் ஊரில் இதே துன்பம் செய்வினையாகவும் நாகதோஷமாகவும் தெய்வக் குற்றமாகவும் பெயர் பெறுகிறது.

5. மருந்துகளும் சான்றின் வலிமையும்

பூச்சி ஊரும் உணர்வுக்கும் அதை உறுதிப்படுத்தும் நம்பிக்கைக்கும் மூளையின் டோபமின் செயல்பாட்டோடு தொடர்பு இருக்கிறது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. டோபமினைக் கூட்டும் கோகெய்ன், ஆம்ஃபெட்டமின் போன்ற போதைப்பொருள்கள் இதே ஊரும் உணர்வை உண்டாக்குகின்றன. டோபமினைத் தடுக்கும் மருந்துகள் அதைத் தணிக்கின்றன.

பிமோசைடின் காலம் மெல்லப் பின்வாங்கிவிட்டது. காரணம் இதயம். அது இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் ஒரு கட்டத்தை நீளச் செய்கிறது; அளவு கூடினால் துடிப்பு குழம்பி உயிர் போகலாம். இன்று ரிஸ்பெரிடோன், ஒலான்சபைன், அமிசல்பிரைடு ஆகியவை முன்னுக்கு வந்திருக்கின்றன. ரிஸ்பெரிடோனை 0.5 மி.கி. அல்லது 1 மி.கி. அளவில் இரவில் தொடங்கி, தேவைப்பட்டால் மெல்ல உயர்த்துவார்கள். ஒலான்சபைன் 2.5 மி.கி.யிலிருந்து தொடங்கும். மனச்சிதைவுக்குத் தரும் அளவோடு ஒப்பிட்டால் இவை சிறியவை. பலன் இரண்டு வாரத்தில் தொடங்கலாம். தெளிவாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துகிறவர்களே அதிகம் என்பதால், இந்தக் கால அளவை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சான்று எவ்வளவு வலிமையானது? நேர்மையாகச் சொன்னால் மெலிந்தது. ஃப்ராய்டன்மன், லெப்பிங் ஆகிய இருவரும் புதிய வகை மருந்துகளால் சிகிச்சை பெற்றவர்களின் வெளியான விவரங்களைத் திரட்டியபோது, நான்கில் மூன்று பங்கினர் முழுமையாகவோ ஓரளவோ குணமடைந்திருந்தார்கள். ஆனால் குணமான நோயாளியைப் பற்றியே மருத்துவர்கள் எழுதி அனுப்புவது வழக்கம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2019இல் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு தகுதியான சோதனைகளைத் தேடியபோது சேர்க்கத்தக்கது ஒன்றும் கிடைக்கவில்லை. மாத்திரை வாங்க மறுக்கும் நோயாளியை வைத்துச் சோதனை நடத்துவது எளிதல்ல. சான்று குறைவு என்பதற்காக மருந்தைத் தராமல் இருப்பதை நான் ஏற்கவில்லை. சிகிச்சை இல்லாதபோது இந்நோய் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. குடும்பம் சேமிப்பை மருந்துக்கும் மந்திரத்துக்கும் கொட்டுகிறது.

பூச்சிப் பிறழ்நம்பிக்கைக்கு அப்பாலும் தோல் மருத்துவத்தில் இம்மருந்துகள் எடுக்கப்படுகின்றன. தலைமுடியைத் தானே பிடுங்கும் பழக்கத்துக்கு ஒலான்சபைன் உதவியதாக 2010இல் ஒரு சிறு சோதனை காட்டியது. தோலைத் தோண்டும் பழக்கத்துக்கும், உடலிலிருந்து துர்நாற்றம் வருவதாக உறுதியாக நம்பும் நோய்க்கும் இவற்றைத் தருவதுண்டு. தன் முகம் கோரமானது என்று கண்ணாடி முன் மணிக்கணக்கில் நிற்கும் நோய்க்கு மட்டும் முதல் மருந்து இதுவல்ல. நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதற்கு ஃப்ளூஆக்செட்டின் போன்ற மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகளே முதலில் வரும்.

6. ஆபத்துகள்: படர்தாமரை மாத்திரையும் வெயிலும்

தோல் சிகிச்சைப் பிரிவுக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. இந்தியாவெங்கும் படர்தாமரை இன்று பிடிவாதமான தொற்றாகிவிட்டது. 2020இல் ட்ரைக்கோபைட்டான் இந்தோட்டினியே என்று பெயர் பெற்ற பூஞ்சை வழக்கமான மருந்துகளை எதிர்த்து நிற்கிறது. அதற்காக இட்ராகோனசோல் மாத்திரை வாரக்கணக்கில் எழுதப்படுகிறது. பிமோசைடைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை இட்ராகோனசோல் முடக்குகிறது. இரத்தத்தில் பிமோசைடு குவிந்து இதயத் துடிப்பு குலையலாம். க்ளாரித்ரோமைசினோடு சேர்ந்து இத்தகைய உயிரிழப்பு பதிவாகியுள்ளது. ஒரே நோயாளிக்கு ஒரே சீட்டில் இந்த இரண்டு மாத்திரைகளும் எழுதப்படும் வாய்ப்பு வேறெந்தப் பிரிவையும் விடத் தோல் பிரிவில்தான் அதிகம். அடிவார மருத்துவமனையில் பிமோசைடையே தவிர்த்து ரிஸ்பெரிடோனில் நிற்பது இந்த ஒரு காரணத்துக்காகவே நல்லது. எந்த மருந்தானாலும் தொடங்கும் முன் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும்.

வெயிலில் உழைப்பவருக்கு இன்னொரு கவனம். பழைய க்ளோர்ப்ரோமசின் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். நீண்ட நாள் எடுத்தால் வெயில் படும் இடங்களில் நீலச் சாம்பல் நிறம் படியும். தோல் நோய்க்கென்று வந்தவரின் தோலை மருந்தே மாற்றிவிட்டால் அவர் திரும்பி வரமாட்டார். கரும்பு வெட்டுபவருக்கும் களை எடுப்பவருக்கும் இம்மருந்தைத் தருவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒலான்சபைனால் எடையும் சர்க்கரையும் ஏறும். ரிஸ்பெரிடோனால் சிலருக்கு உடல் இறுக்கமும் கைநடுக்கமும், பெண்களுக்கு மாதவிலக்குத் தவறுதலும் வரலாம். உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருக்கும் தவிப்பும் உண்டு. பூச்சி நோய்க்குப் பெயர் தந்த அதே எக்போம்தான் 1945இல் இரவில் கால் துடிக்கும் நோயையும் விவரித்தார். மருந்தால் வரும் தவிப்பை நோயாளி "பூச்சி காலுக்கு எறங்கிடுச்சு" என்று சொல்லக்கூடும் என்பதால் மருத்துவர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். முதுமையில் மறதி நோய் உள்ளவர்களுக்கு இம்மருந்துகள் இறப்பின் ஆபத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. இந்நோய் முதியவர்களிடம் அதிகம் காணப்படுவதால், மறதி இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது.

7. யார் தருவது, என்ன சொல்லித் தருவது

"மனநல டாக்டரைப் பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுப்பதோடு பெரும்பாலான சிகிச்சைகள் முடிந்துவிடுகின்றன. நோயாளியின் கண்ணில் அது, "உனக்குப் பைத்தியம்" என்ற தீர்ப்பு. மலையிலிருந்து பேருந்து பிடித்து வந்தவர் அந்தச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு அடுத்த தோல் மருத்துவரிடமோ நாட்டு வைத்தியரிடமோ போகிறார். சீட்டு எழுதியவர் தம் கடமை முடிந்ததாக நினைக்கிறார். தோல் மருத்துவரே, அல்லது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே, முதல் மாத்திரையைத் தொடங்கி, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரோடு தொலைபேசியில் பேசி அளவை முடிவு செய்வது இதைவிடப் பல மடங்கு பயனுள்ளது. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணை நோயாளியின் குடும்பத்துக்குத் தரலாம். பிரித்தானியத் தோல் மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் தோலும் மனமும் ஒருங்கே கவனிக்கப்பட வேண்டும் என்றே சொல்கிறது. இரு நிபுணர்களும் ஒரே கட்டடத்தில் இல்லாத ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது அந்த ஒருங்கிணைப்பைத் தர முடியும்.

"இது அரிப்புக்கு மாத்திரை, போட்டுக்கோங்க" என்று மட்டும் சொல்லித் தரும் வழக்கம் தோல் மருத்துவத்தில் நெடுநாளாக உண்டு. நோயாளி மருந்தை விழுங்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்யப்படுவது. எனக்கு அது சரியாகப் படவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சையைப் பற்றி அறியும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது என்பது ஒரு காரணம். இன்னும் நடைமுறையான காரணம் மருந்துக்கடையில் இருக்கிறது. சீட்டைப் பார்த்த கடைக்காரர், "இது மெண்டல் மாத்திரையாச்சே, யாருக்கு?" என்று கேட்கும் அந்தக் கணத்தில் மருத்துவரின் மீதிருந்த நம்பிக்கை முழுவதும் சரிந்துவிடும். அரசு மருத்துவமனை மாத்திரையை வாங்கிப் போனாலும், ப்ளஸ் டூ படிக்கும் பேத்தி செல்போனில் பெயரைத் தேடிப் பார்ப்பாள்.

உண்மையைச் சொல்லும் வழி இருக்கிறது. இப்படிப் பேசலாம்: "பாட்டி, ஊருற மாதிரி இருக்குன்னு நீங்க சொல்றது பொய் இல்ல. நான் நம்புறேன். தோலச் சுரண்டிப் பார்த்தேன், நீங்க கொண்டுவந்ததையும் பார்த்தேன், அதுல பூச்சி தெரியல. அந்த உணர்வ உண்டாக்குற நரம்பு வேலை கொஞ்சம் தூண்டிக்கிட்டிருக்கு. இந்த மாத்திரை அத அடக்கும். மனநோய்க்கும் இதே மாத்திரைய நெறைய அளவுல குடுப்பாங்க, உங்களுக்குக் குடுக்கிறது கொஞ்சந்தான். கடையில யாராச்சும் ஏதாச்சும் சொன்னா நான் முன்னாடியே சொல்லிட்டேன்னு சொல்லுங்க." இதில் பொய் ஒன்றுமில்லை, பூச்சி இருக்கிறது என்ற ஒப்புதலும் இல்லை. "பூச்சியே இல்ல, எல்லாம் மனசு" என்ற ஒற்றை வரி இந்த நோயாளியிடம் எதையும் சாதிப்பதில்லை.

குடும்பம் இங்கே பெரும் துணை. மேலைநாட்டில் தனியே வாழும் நோயாளிக்கு மாத்திரையை நினைவூட்ட ஆள் கிடைப்பது கடினம். நம் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரையைக் கையில் வைத்துத் தண்ணீர் கொடுக்க மருமகளோ மகனோ இருக்கிறார்கள். அவர்களைத் தனியே அழைத்துப் பேச வேண்டும். பூச்சி உண்டா இல்லையா என்று அவர்கள் வாதிட வேண்டாம். கேலி செய்ய வேண்டாம். பாயையும் போர்வையையும் தினமும் கொதிநீரில் போடச் சொன்னால் மறுக்கவும் வேண்டாம், தூண்டவும் வேண்டாம். வேப்பிலை கட்டிக்கொள்வதையும் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதையும் தடுக்கும் அவசியம் மருத்துவருக்கு இல்லை. மாத்திரை அதோடு சேர்ந்து போனால் போதும். பூச்சிமருந்தைத் தோலில் பூசுவதை மட்டும் எந்த நிலையிலும் அனுமதிக்கக் கூடாது.

8. நிறுத்தமும் மறுதோற்றமும்

அரிப்பு அடங்கிய பின் மாத்திரையை உடனே நிறுத்தினால் நோய் திரும்புவது வழக்கம். சில மாதம் தொடர்ந்து, பின் மெல்லக் குறைத்து, நிறுத்திப் பார்க்க வேண்டும். முதியவர்களுக்கு எவ்வளவு குறுகிய காலம் போதுமோ அவ்வளவே நல்லது. இடையே எடை, சர்க்கரை, கை நடுக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டப் பணியாளர்கள் 2021 முதல் நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளைப் பார்த்து வருகிறார்கள். இந்த நோயாளியின் சர்க்கரையைப் பார்க்கும் வேலையையும் அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

குணமானவர்களில் பலர், "அப்போ பூச்சி இல்லாமத்தான் இருந்துச்சு" என்று ஒருபோதும் சொல்வதில்லை. "பூச்சி செத்துப்போச்சு" என்றே சொல்வார்கள். மருத்துவர் அதைத் திருத்த முயல வேண்டியதில்லை. தூங்குகிறார், வேலைக்குப் போகிறார், தோலில் புதுக் காயம் இல்லை என்பதே குணத்தின் அளவுகோல். ஆனால் ஆறு மாதம் கழித்து அவர் மறுபடி "அரிக்குது" என்று வந்தால், பழைய சீட்டைப் பார்த்துவிட்டு ரிஸ்பெரிடோனைக் கூட்டி எழுதக் கூடாது. விரல் இடுக்கைப் பார்க்க வேண்டும், வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது என்று கேட்க வேண்டும், தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். ஒருகாலத்தில் பிறழ்நம்பிக்கை இருந்தவருக்கும் சிரங்கு வரும்.